டெய்லரின் ஏழாவது படம்

“அப்பா, நல்லாயிருக்குன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்” என்று கிசுகிசுத்தபடி மகள் கேன்வாஸின் மறுமுனையைப் பிடித்தாள். டெய்லரும் அவளுமாக அதைக் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தார்கள். தலையணைகளில் சாய்ந்திருந்த மனைவி கண்ணைத் திறந்தாள். விடியும்வரை தாங்கினாலே அதிசயம் என்று டாக்டர் சொல்லிப்போயிருந்தார். இப்போது காலை மணி பத்து.

முப்பது வருடமாக அவள் எண்ணெய் வண்ணத்தில் வரைந்ததெல்லாம் மனிதர்களைத்தான்: பேருந்து நடத்துநர், சலவைக்காரி, பல் டாக்டர். “ஒரு ஃபோட்டோ எடுத்துட்டுப் போகலாமே” என்று கிண்டலடித்தவர்களே இன்று அருங்காட்சியகத்தில் ஒரு கூடம் முழுக்க அவளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கடைசிப் படத்தை எடுத்துப்போக மதியம் வண்டி வரும். ஆனால் படத்தில் இருப்பவர் வந்து பார்த்து, தன் தொழிலில் பிசகு ஏதும் இல்லை என்று சொன்னால்தான் அவள் கையெழுத்துப் போடுவாள். தையல் மெஷினில் குனிந்திருக்கும் கணவனை இதற்கு முன் ஆறு முறை வரைந்தும் ஒன்றில்கூடக் கையெழுத்து இல்லை. ஒவ்வொன்றிலும் டெய்லர் ஏதாவது கண்டுபிடித்துவிட்டார்.

“என்ன டெய்லரே, வாயில குண்டூசியா?”

“நல்லாத்தான்...”

“பொய். காது சிவக்குது பாருங்க.”

அவர் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கட்டைவிரல் துணியைத் தள்ளுது மேடம். நான் தள்ள மாட்டேன். மெஷினுக்கு அடியில இருக்கற பல்லு துணியைத் தானா இழுத்துக்கும், கை வழி மட்டும்தான் காட்டும். இப்படித் தள்ளினா ஊசி ஒடிஞ்சிடும்.”

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அம்மாவின் முகமோ விளக்குப் போட்டதுபோல் ஆனது. “கத்தியை எடுடி!”

எண்ணெய் வண்ணத்தில் இது ஒரு சௌகரியம். அது தண்ணீர்போல் உலராது. காற்றை மெல்ல மெல்ல உறிஞ்சி இறுகும், அதற்குப் பல நாள் பிடிக்கும். நேற்று வரைந்த விரல் இன்னும் ஈரம். மழுங்கின கத்தியால் ஒரு வழிப்பு, துணியால் ஒரு துடைப்பு. அடியில் காய்ந்திருந்த பழுப்பு அடுக்கு எட்டிப் பார்த்தது. கீழ் அடுக்கைவிட மேல் அடுக்கில் எண்ணெய் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னாளில் வெடிக்கும். “இன்னொரு சொட்டு விடு” என்றாள், அந்த நிலையிலும்.

டெய்லர் போர்வையைத் தைக்கிற துணியாகப் பாவித்து, அதன்மேல் கைவைத்து அசையாமல் இருந்தார். மகள் அம்மாவின் முழங்கையைத் தாங்கினாள். ஐந்தே ஐந்து தீற்றல்கள். நாற்பது நிமிடம்.

“இப்ப?”

அவர் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து தேடினார். விரல், தோள், கழுத்தில் தொங்கிய டேப், ஊசி முனை. நிஜமாகவே தேடினார்.

“ஒண்ணுமில்ல மேடம்.”

“ஒண்ணுமே?”

“சத்தியமா.”

“ஏழாவதுல மாட்டினீங்களா! ஜெயிச்சிட்டேன் டெய்லரே!”

கையெழுத்தைப் பெரிதாகவே போட்டாள். பதினொன்றரைக்கு, அவருடைய பழைய ஆறு குறைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேலி செய்துகொண்டிருந்தவள், நான்காவதில் நின்றுபோனாள்.

வண்டி வந்தது. “ஈரம் இருக்குப்பா, எதுவும் உரசிடக் கூடாது” என்று டெய்லர் வாசல்வரை கூடவே நடந்தார். அதற்குள் வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டிருந்தார்கள்.

அவர் குழாயடிக்குப் போய் அவளுடைய தூரிகைக்குச் சோப்புப் போட்டார். முதல் நுரை தோல் நிறத்தில் வந்தது. இரண்டாவது வெளிறியிருந்தது. மூன்றாவது சுத்த வெள்ளை.

நான்காவது முறையும் சோப்பைக் குழைத்தார்.