ஏழாம் நம்பர் மலையின் இரைச்சல்

குஞ்சு கடைசியாகத் தலையைத் தூக்கி இரண்டு மணி நேரமாகிவிட்டது.

தனேஸ்வரன் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விடியற்காலையிலிருந்து பச்சைக் கன்வஸ் மறைப்புக்குள் மண்டியிட்டிருந்தான். எதிரே, ஓடைப் பள்ளத்திலிருந்து எழுந்த மரத்தின் கவட்டில் மலை இராசாளியின் கூடு. குஞ்சுக்கு மூன்று வாரம்கூட இருக்காது. அதன் வெள்ளைப் பஞ்சு உடம்பு நனைந்து ஒட்டிக் கிடந்தது. பெரகலப் பள்ளத்திலிருந்து ஏறிய மூடுபனி ஒன்பது மணிக்கே தூறலாகிவிட்டது. தாய்ப்பறவை மேலே வட்டமிட்டது, பனிக்குள் மறைந்தது, திரும்பி வந்தது. கூட்டில் மட்டும் இறங்கவில்லை.

பதுளையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் அவன், தாய் இரையூட்டும் இந்த ஒரு படத்துக்காக நான்கு வருடம் அலைந்திருந்தான். கூட்டுக்குக் கீழேயுள்ள ஏழாம் நம்பர் மலையில் மூன்று நாள் தேயிலைக் கொழுந்தெடுக்க வேண்டாமென்று தோட்டத்தின் உதவி அதிகாரியான சின்னத்துரையிடம் கேட்டவனும் அவன்தான். கொழுந்தெடுக்கும் பெண்களின் கூச்சல் இல்லாவிட்டால் பறவை நிம்மதியாக இறங்கும் என்று நம்பினான்.

கேட்ட அமைதி கிடைத்திருந்தது. தூறல் இலையில் விழுவதுகூடக் கேட்டது. கேட்கக் கேட்க அவனுக்குப் பயம் ஏறியது.

வெளியே வந்து பாதை வளைவு வரை நடந்து திரும்பிப் பார்த்தான். பறவை இறங்கவில்லை. பெண்கள் இப்போது கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த எட்டாம் நம்பர் மலைக்கு ஓடினான்.

"என்ன மாஸ்டர், உங்க மகாராணி வந்தாங்களா?" என்றாள் லெட்சுமி. கூட்டை அவனுக்குக் காட்டியவள் அவள்.

"வருகுதில்லை அக்கா. குஞ்சு விறைச்சுப் போகுது. நான் வெளியில வந்தும் இறங்குதில்லை."

"பின்ன? நாங்க தெனம் அது காலடியில கத்திக்கிட்டு கெடந்தோம், பயந்துச்சா? சத்தம் போடுறவ எங்க நிக்கிறான்னு அதுக்குத் தெரியும். ஒளிஞ்சிருக்கிறவனத்தான் நம்பாது."

"பறவைக்கு மூணு நாள் லீவு வாங்கிக் குடுத்தாரு, நமக்கு ஒரு நாள் வாங்கித் தந்தாரா?" என்றாள் அடுத்த நிரையில் நின்றவள். சிரிப்பு எழுந்தது.

"எல்லாரும் ஏழுக்குத் திரும்பி வாங்கோ" என்றான் தனேஸ்வரன்.

கங்காணி குடையோடு வந்தார். "நீங்க கேட்டுத்தானே இங்க வந்தோம்? இது சின்னத்துரை உத்தரவுங்க. இப்ப மாத்துனா ஏச்சு எனக்குத்தான்."

"நான்தான் கூப்பிட்டதெண்டு எழுதித் தாறன்."

எழுதிக் கையெழுத்திட்டான். கங்காணி தாளை மடித்துப் பையில் வைத்தார். நகரவில்லை.

"அந்தப் பச்சைத் துணி?"

"கழட்டிறன்."

"அப்ப படம்?"

தனேஸ்வரன் ஏழாம் நம்பர் மலைப் பக்கம் பார்த்தான். குடையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றான்.

கங்காணி திரும்பிக் கத்தினார். "எல்லாரும் ஏழுக்கு எறங்குங்க!"

அவன் முன்னால் ஓடி மறைப்பைப் பிரித்தான். கேமராவை அதிலேயே சுற்றிப் பாறைக்குப் பின்னால் தள்ளினான். பெண்கள் நிரை பிடித்தார்கள். யாருடைய மருமகள் தெமோதரைக்குக் கோபித்துக்கொண்டு போனாள் என்பது மலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கத்தப்பட்டது. பறவையின் வட்டம் தாழ்ந்தது. மீண்டும் உயர்ந்தது.

"சும்மா நிக்காதீங்க மாஸ்டர். நீங்க மட்டுந்தான் மொறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. குனிஞ்சு கொழுந்து எடுங்க" என்றாள் லெட்சுமி.

குனிந்தான். கைக்கு வந்த இலைகளைப் பறித்து அவள் கூடையில் போட்டான்.

"முத்தின எலய கூடையில போடாதீங்க, கணக்கப்புள்ள என்னயத்தான் திட்டுவாரு."

மேலே காற்றைக் கிழிக்கும் ஓசை. ஒரு கிளை அசைந்தது.

"எறங்கிருச்சு" என்றாள் லெட்சுமி, கை ஓயாமல். "பாக்காதீங்க."

நான்கு வருடம் தேடியது அவன் தலைக்கு மேலே இருந்தது. தேயிலைச் செடியை மட்டும் பார்த்தான்.

"உயிரோட இருக்குதா?"

"தெரியல. செறகுக்குள்ள எடுத்துக்கிச்சு."

தூறல் வலுத்தது. மருமகள் கதை முடிந்து வேறொருத்தியின் கதை தொடங்கியது. ஒரு செடி, இன்னொரு செடி. எத்தனை நேரமென்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு, கூச்சலின் நடுவே, மேலிருந்து மெலிந்த கீச்சொலி ஒன்று வந்தது. நின்றது. பசியோடு மறுபடி வந்தது.

அவன் நிமிரவில்லை. அடுத்த செடிக்கு நகர்ந்தான்.