இடது முன்சக்கரம்

வண்டிக்கு என்ன நோவு என்று கண்டுபிடிக்க ஜெகபர் அலிக்குக் காது ஒன்றே போதும். கூத்தாநல்லூரில் பலருக்கும் இது தெரியும்; தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார். சவூதியில் பல வருஷம் பெரிய வண்டி ஓட்டியவர். அந்த ஊர் ரோட்டில் பள்ளம் என்று ஒன்று இருந்தால் அது ஒட்டகம் படுத்த தடமாகத்தான் இருக்கும். அதில் ஓட்டிப் பழகியவருக்கு நம்மூர் ரோட்டைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

மகன் அஸார் விடுப்பு முடிந்து சவூதிக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், அவர் தன் பழைய வெள்ளைக் காரைக் குஞ்சிதபாதத்தின் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்ச நாளாகவே முன்பக்கம் இடது பக்கத்தில் ‘கட்டக் கட்டக்’ என்று ஒரு சத்தம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் இன்னும் பலமாகக் கேட்டது.

“லிங்க் ராடு போயிட்டு. மாத்திக் குடுங்க” என்றார், இறங்கும்போதே.

குஞ்சிதபாதம் ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்தின் தலையில் ஒரு கையும் அடியில் ஒரு கையுமாகப் பிடித்து ஆட்டினார். டொக் டொக் என்றது. கடப்பாரையை அடியில் விட்டு நெம்பிப் பார்த்துவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“லிங்க் ராடும் போயிருக்கு பாய். ஆனா அது சின்ன வியாதி. பால் ஜாயிண்ட் தேஞ்சு கெடக்கு. இந்த உருண்டைதான் சக்கரத்தைக் கீழ புடிச்சுக்கிட்டு இருக்கு. அது கிண்ணத்தை விட்டுக் கழண்டுச்சுன்னா சக்கரம் படுத்துடும். கீழ இருக்கிற ஆர்மையே மாத்தணும். தஞ்சாவூர்ல சொன்னா நாளைக்கு மத்தியானம் வரும்.”

“நாளைக்குக் காலைல பையனுக்குப் பயணம்ங்க.”

“அப்ப வேற வண்டியில அனுப்பிடுங்களேன்.”

இந்த யோசனை ஜெகபர் அலிக்குப் பிடிக்கவில்லை. அஸார் ஒவ்வொரு முறை பயணம் போகும்போதும் இந்த வண்டியில்தான் போனான். அத்தா ஓட்ட, மகன் பக்கத்தில் உட்கார, விமான நிலையத்து வாசலில் அவன் தலையில் கை வைத்து துஆ செய்து அனுப்புவார். அதை வாடகைக்கார் டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்கச் செய்வதா? அவருக்கு மனசு ஒப்பவில்லை.

லிங்க் ராடை மட்டும் மாற்றச் சொல்லி, லெட்சுமாங்குடிப் பாலம்வரை ஓட்டிப் பார்த்துத் திரும்பினார். சத்தம் போய்விட்டிருந்தது. முகம் பூரித்துப்போயிற்று.

“நான் சொன்னேன்ல? லிங்க் ராடுதான்.”

“சத்தம்தான் பாய் போச்சு. தேய்மானம் அப்படியேதான் இருக்கு.”

“தாங்குமா, தாங்காதா? ஒண்ணு சொல்லுங்க.”

கல்யாண வீட்டு வேன் ஒன்று பானெட்டைத் திறந்துபோட்டபடி குஞ்சிதபாதத்துக்காகக் காத்திருந்தது. மறுநாள் பெரிய முகூர்த்தம். அவர் ஒரு கண்ணை அந்த வேன் மேல் வைத்துக்கொண்டே, “தாங்கும்னுதான் நெனைக்கிறேன். பள்ளத்துல மட்டும் எறக்கிடாதீங்க” என்றார். மனுஷன் அந்த முதல் பாதியைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஜெகபர் அலி அதை மட்டும்தான் காதில் வாங்கிக்கொண்டார்.

காலையில் கிளம்பும்போது ஒரே ஒரு ஜாக்கிரதை செய்தார். வண்டியில் பாரம் வேண்டாம் என்று மனைவி ஜன்னத் பீவியையும் மருமகள் அனீஸாவையும் வீட்டோடு நிறுத்திவிட்டார். அனீஸா கைக்குழந்தையோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குழந்தை பிறந்ததற்காகத்தான் அஸார் வந்ததும், விடுப்பை நீட்டியதும். இதற்கு மேல் நீட்ட முடியாது. விசா இன்றோடு முடிகிறது. மத்தியான விமானத்தில் ஏறி இன்றைக்குள் அங்கே இறங்காவிட்டால் வேலை போனது போனதுதான் என்று கம்பெனிக்காரன் சொல்லிவிட்டான்.

மன்னார்குடி தாண்டியதும் பாலம் வேலை என்று மெயின் ரோட்டை மறித்து, வாய்க்கால் ஓரத்துச் சின்ன ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். சம்பா அறுவடை மும்முரம். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்ட நெல்லெல்லாம் ரோட்டில் காய்ந்தது. வலது பாதி முழுக்க நெல், ஓரத்தில் வரிசையாகக் கருங்கல். இடது பாதியில்தான் வண்டிகள் போக வேண்டும், வர வேண்டும்.

எதிரே வைக்கோல் கட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது. ரோட்டை அடைத்துக்கொண்டு, நிற்கிற உத்தேசமே இல்லாமல் வந்தது.

“நெல்லு மேலயே ஏத்துங்கத்தா!” என்றான் அஸார்.

ஏற்றியிருக்கலாம். கருங்கல்லில் ஒன்று உருண்டிருக்கும், நாலு மணி நசுங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஜெகபர் அலி, சாப்பாட்டு விரிப்பில் சிந்திய ஒரு பருக்கையைக்கூட எடுத்து வாயில் போட்டுக்கொள்கிற ஆள். ரிஜ்க்கை, அல்லாஹ் அளந்த உணவை, மிதிக்கக் கூடாது, படியளக்கிறவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்று கேட்டு வளர்ந்தவர். மூளை பள்ளத்தை நினைப்பதற்கு முன்னால் கை இடது பக்கம் திரும்பிவிட்டது.

சக்கரம் தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கியது. டிராக்டர் கடந்துபோனது. திரும்ப ரோட்டில் ஏறும்போது அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் சரிந்து, தாரைக் கீறிக்கொண்டு நின்றது.

இறங்கிப் பார்த்தார்கள். இடது முன்சக்கரம் கால் ஒடிந்த மாடு போல வெளியே மடங்கிக் கிடந்தது. கிண்ணத்தை விட்டுக் கழன்ற உருண்டை, பளபளவென்று, ஒன்றும் அறியாத மாதிரி வெயிலில் மின்னியது.

ஜெகபர் அலி இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்து உள்ளே தள்ளினார். பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துத் தட்டினார். அது ஜாக்கியும் ஸ்பானரும் இல்லாமல் ஆகிற காரியமில்லை என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் தட்டினார். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அஸார் மன்னார்குடிக்குப் போன் போட்டான். தஞ்சாவூருக்குப் போட்டான். எல்லா வண்டியும் முகூர்த்தத்துக்குப் போயிருந்தது. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பேர். அத்தாவைப் பார்த்து அவன் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

நெல்லுக்குச் சொந்தக்காரி கனகா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் வாயில் கை வைத்தாள்.

“நெல்லு மேல ஏத்திட்டுப் போயிருக்கலாமே பாய்?”

“எப்படிம்மா, சோறு…”

“அடப் போங்க பாய். நாங்களே மிதிச்சுக்கிட்டுத்தானே நிக்கிறோம்.”

அப்போதுதான் அவர் அவள் காலைப் பார்த்தார். கணுக்கால்வரை நெல்லில் புதைந்திருந்தது. பேசிக்கொண்டே, கீழே கிடந்தது மேலே வர, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு நடந்தாள்.

வெகுநேரம் கழித்து தஞ்சாவூர்ப் பக்கம் போகிற ஒரு டவுன் பஸ் வந்தது. இடது பாதியில் கார் படுத்துக் கிடந்ததால் வழியில்லை. கனகா ஓடிப்போய்க் கருங்கற்களைக் காலால் தள்ளிவிட்டு, “வாங்க, வாங்க, மேலயே ஏறி வாங்க” என்று கையைக் காட்டினாள். அஸார் பெட்டியைத் தொடவில்லை. கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினான். ஜெகபர் அலி துஆவுக்காகத் தூக்கிய கை, கிரீஸும் மண்ணுமாக இருந்தது. அதை அவன் தலையில் வைப்பதா என்று தயங்குவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பஸ் நெல்லின் மேல் நிதானமாக ஏறிப் போனது.

பிறகு காத்திருப்பதைத் தவிர அவருக்கு வேலை இல்லை. குஞ்சிதபாதத்துக்குப் போன் செய்தார். எதற்கும் இருக்கட்டும் என்று நேற்றே தஞ்சாவூரில் சொல்லி வைத்திருந்த ஆர்ம் மத்தியானம் வந்ததும் எடுத்துக்கொண்டு வருவதாக அவர் சொன்னார். புளிய மரத்தடியில் துண்டை விரித்துத் தொழுதார். யா அல்லாஹ், அந்த பஸ் எங்கேயும் நிற்காமல் போகட்டும் என்று கேட்டார். டவுன் பஸ் நிற்காமல் போகுமா? அது அவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவனுக்கும் தெரியும்.

குஞ்சிதபாதம் பைக்கில் வந்து இறங்கிய நேரத்தில்தான் போன் அடித்தது.

“கவுண்டரை மூடிட்டாங்கத்தா. கெஞ்சிப் பாத்துட்டேன். விட மாட்டேங்கிறாங்க. அங்கேயே இருங்க. அந்த வழியாத்தான் வர்றேன்.”

ஜெகபர் அலி “சரிப்பா” என்றார். கைக்குழந்தையோடு வாசலில் நின்ற மருமகள்தான் கண் முன்னால் வந்தாள். வீட்டுக்குப் போன் செய்யலாம் என்று எடுத்து, செய்யாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

குஞ்சிதபாதம் பழைய ஆர்மைக் கழற்றிப் புதியதை மாட்டினார். போல்ட்டை முறுக்கும்போது, “நான் தாங்கும்னு சொல்லியிருக்கக் கூடாது பாய்” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்றிருந்தது ஜெகபர் அலிக்கு. குஞ்சிதபாதம் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டினார். “பாருங்க, ஆட்டமே இல்ல. ஒரு நாளைக்கு வந்து அலைன்மெண்ட் மட்டும் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வெயில் சாய்ந்த பிறகு அஸார் பஸ்ஸிலிருந்து இறங்கினான். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. காருக்குள் ஏறி உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டான். பெட்டி காலையில் வைத்த இடத்திலேயே பின்னால் இருந்தது.

கனகா நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தாள். கருங்கற்கள் ஓரமாய்க் கிடந்தன. வாய்க்கால் திருப்பம்வரை ரோடு முழு அகலத்துக்கும் காலியாக இருந்தது. ஜெகபர் அலி வண்டியைத் திருப்பி, என்னமோ நெல் கிடந்த பாதியை ஒதுக்கி வலது ஓரமாகவே ஓட்டினார். மன்னார்குடிக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது.

“சத்தமே இல்லத்தா” என்றான் அஸார், அவருக்கு ஆறுதலாக.

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.