ஒரே இருக்கைக்கு இரண்டு பேர்

அலுவலகத்தில் அவளுக்குப் 'பேராசிரியை' என்று பட்டப்பெயர். யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. கூட்டங்களில் அவள் பேசுவதைக் கேட்டவர்கள் வைத்தது. ரயில் முன்பதிவு மென்பொருளின் தலைமை வடிவமைப்பாளர் அவள். அதற்கு நிரல் எழுதுபவள் அவளுடைய அண்ணி.

சோதனையில் அந்த மென்பொருள் ஒரே இருக்கையை இரண்டு பேருக்குக் கொடுத்தது. நான்கு மணிக்குள் சரியாகாவிட்டால் அண்ணியை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

"நம்மளோடது ஃபங்ஷனல் நிரல், அண்ணி. ஒரு தடவை வெச்ச மதிப்பு எதுவும் மாறாது. மாறாத இடத்துல மோதல் எப்படி வரும்? உங்க கை பட்டிருக்கும்."

"உங்க வீட்டுக்கு வந்ததுலேருந்து எல்லாத்துக்கும் என் கைதான். காலி இருக்கை நிரம்பினா, எங்கேயோ ஒண்ணு மாறித்தானே ஆகணும்?"

பேராசிரியை பதிலுக்குப் பலகையில் பதினோரு கட்டங்கள் வரைந்தாள்.

அண்ணி மென்பொருளில் தொடங்கி, அதைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரின் மூல நிரல் வரை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இருக்கை ஒதுக்குவதற்குப் பேராசிரியை தானே எழுதிச் சேர்த்த 'பேரண்ட ஒத்திசைவு அடுக்கு'க்குக் கீழே ஒரு நூலகம், அதற்கும் கீழே இன்னொன்று. கூட்டுக் குடும்பத்தில் பாத்திரம் கழுவுவதைப் போல, ஒவ்வொன்றும் வேலையை அடுத்ததன் தலையில் கட்டியது. கடைசியில் வெறும் பெயர், வாலில் ஒரு # குறி. அதற்குமேல் பிரித்துப் பார்க்க ஒன்றுமில்லை. கம்பைலர் தன் கையிலேயே வைத்திருக்கும் அடிப்படைச் செயல்.

அது செய்வது இவ்வளவுதான்: நீ பார்த்த பழைய மதிப்பு இன்னும் நினைவகப் பெட்டியில் இருந்தால் புதியதை வைக்கும், இல்லையென்றால் வைக்கவில்லை என்று சொல்லும். பார்ப்பதும் வைப்பதும் ஒரே மூச்சில். ஆயிரம் வேலைகள் ஒரே நேரத்தில் முட்டிமோதினாலும் அந்த மூச்சுக்குள் ஒன்றும் நுழைய முடியாது.

அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தாள்.

பேரண்ட அடுக்கு முதலில் பெட்டியைப் பார்த்தது, அழகாக ஒரு குறிப்பு எழுதியது, பிறகுதான் வைத்தது. அந்த இடைவெளியில் இன்னொரு பயணி வந்து உட்கார்ந்துவிட்டார்.

முந்நூறு வரிகளை நீக்கி, அந்த ஒற்றைச் செயலை வைத்தாள். பத்தாயிரம் பேர் ஒரே இருக்கையைக் கேட்பதுபோல் ஓட்டினாள். ஒருவருக்குக் கிடைத்தது. மறுபடி ஓட்டினாள். வேறொருவர், ஆனால் ஒரே ஒருவர்.

பேராசிரியை நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"இத்தனை பேரையும் யாரு அண்ணி சமாளிக்கிறா?"

"யாருமில்ல. அந்த ஒரு செயல்தான்."

"கூட்டம் கூடப் போடாமலா?"

தொலைபேசி அடித்தது. மேலிடம். பேராசிரியை எடுத்தாள்.

"சரியாயிடுச்சு சார். தப்பு என் அடுக்குலதான். அண்ணி இங்கதான் இருப்பாங்க. அப்புறம் கூப்பிடுங்க, இப்ப முக்கியமான வேலை."

வைத்துவிட்டுத் திரையை நோக்கிக் குனிந்தாள்.

"அண்ணி, லட்சம் பேர் கேட்டா?"