ஆற விடாத குழி

சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டியதுமே கசடு சில்லுச்சில்லாகத் தெறித்தது. உடைந்த பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. அதற்குமேல் அவள் பார்க்க ஒன்றுமில்லை. உருக்கு உலையிலிருந்து வழித்துக் கொட்டும் கசடு தானாக, மெதுவாக ஆறினால்தான் அதற்குள் இருக்கும் வனேடியம் என்ற உலோகம் மணிமணியாகத் திரளும், அரைத்துப் பிரித்தெடுக்கலாம். சூட்டோடு தண்ணீர் பட்டால் அப்படியே இறுகிவிடும். உள்ளே இருப்பது உள்ளேயேதான். கடைசிக் குழிக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று யார்டில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். வால்வில் சிவப்புத் துணி வேறு கட்டியிருந்தாள்.

யார்டு மேஸ்திரி வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். டாக்டர் பட்டம் வாங்கி இந்த ஆராய்ச்சி வேலை கிடைத்ததிலிருந்து அவள் தங்கியிருப்பதும் அவர்கள் வீட்டில்தான்.

"மாமா, கடைசிக் குழியில யாரு தண்ணி விட்டது?"

அவர் கையுறையைக் கழற்றினார். "நான்தான். லாரிக்காரங்க ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சுட்டாங்க. கை பாட்டுக்குத் திறந்துடுச்சு."

"துணி கட்டியிருந்தேனே."

"பாத்தேன். திறந்தப்புறம்தான் பாத்தேன்."

பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இத்தனை வருடமாகக் குழி நிரம்பியதும் சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீரைத் திறந்துவிட்டே பழகிய கை. அந்தக் கையிடம் என்ன வாதாடுவது? சோதனைக்கூடத்தில், ஒரு குவளையளவு கசடில், எல்லாம் அவள் சொன்னபடியே நடந்தது. யார்டுக்கு வந்ததும் ஒன்று கிரேன் பழுதாகும், இல்லை குழி மாறிப்போகும், இல்லை இப்படி. இன்னொரு தடவை பார்க்கலாம், அதுவும் சரிவராவிட்டால் மொத்தத்தையும் ரோடு போடத் தள்ளிவிடலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் இருவரும் தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்கள். அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கல்லை எல்லாம் அங்கயே இறக்கி வெச்சுட்டு வரக் கூடாதா? சாப்பாடு இறங்க மாட்டேங்குது எனக்கு."

யாரும் சிரிக்கவில்லை. கை கழுவப் போகும்போது மாமா சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த குழியை நான் பாத்துக்கறேன்மா."

அவள் நம்பவில்லை. ஆனால் கசடு கொட்டிய அன்று, தன்னுடைய வார விடுமுறையில், அவர் வால்வுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரிகளை அடுத்த வாசலுக்கு விரட்டினார். மேலாளரிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். குழியின் சிவப்பு மங்கி, மேலே சாம்பல் நிறத்தில் தோல் கட்டியது. அவள் தூரத்திலிருந்தே சூட்டை அளந்தாள். அவள் நினைத்ததைவிடவும் மெதுவாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா முகத்துல இன்னிக்குத்தான் பல்லு தெரியுது," என்றார்.

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு மாமா. கண்ணு வெச்சிடாதீங்க."

பிற்பகலில் ஒரு துளி அவள் கையில் விழுந்தது. மழைக்காலம் முடிந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. அண்ணாந்து பார்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. குழியில் படபடவென்று வெடிக்கும் சத்தம் கேட்டது. தோல் கீறிக் கீறி உள்ளிருந்து சிவப்பு தெரிந்தது. சங்கு ஊதினார்கள். எல்லோரும் கொட்டகைக்கு ஓடினார்கள். மாமா மட்டும் எங்கிருந்தோ ஒரு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு குழியை நோக்கிப் போனார்.

"மாமா, விடுங்க. அது எரிஞ்சுடும். வாங்க இந்தப் பக்கம்."

அவர் பாதி வழியில் நின்றுவிட்டார். யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. குழியின் அடியில் கொஞ்சம் தப்பியிருக்கலாம். தோண்டினால்தான் தெரியும். தோண்ட விடுவார்களா என்பது வேறு.

ஆவி திரண்டு எழுந்து யார்டை மூடியது. அதற்குள் அவர் தெரிந்தார், மறைந்தார், மறுபடி தெரிந்தார். நனையாமல் காக்க வேண்டியது அதுதான் என்பதுபோல், தார்ப்பாயை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி.