மிச்சம் விழுந்த நாலு ஸ்க்ரூ

அவன் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில் அவனுக்கு மில்லிமீட்டர் என்று பேர். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை, மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தேய்ப்பான். அதோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. வீட்டில் சட்டை தைத்துக் கொடுத்தால் இடது கையும் வலது கையும் ஒரே நீளமா என்று மேஜையில் விரித்துப் பார்க்கிற ஜென்மம். கட்டிக்கொண்டவளோ தையல்காரி. தெருவுக்கே அளவெடுக்கிறவளுக்கு, அவளையே அளவெடுக்கிற புருஷன் வாய்த்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

உண்மையிலேயே அளவெடுத்தான். அதுதான் இந்தக் கதைக்கு ஆரம்பம்.

அவன் அண்ணன்காரர் வீட்டுக் கொட்டகையில் எட்டு வருஷமாக ஒரு பைக் கிடந்தது. தார் ரோட்டிலும் போகும், காடு மேடு கல்லு முள்ளிலும் போகும் என்கிற ரகம். ஒல்லியாக, உயரமாக, முன் மட்கார்டு கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அண்ணன்காரர் அதைத் தூக்கித் தம்பியிடம் கொடுத்துவிட்டு, ரிப்பேர் பண்ணி வை, முதல் பயணம் மட்டும் எனக்கு, ஒரு மாசம் மலைப்பக்கம் சுத்திட்டு வந்து உனக்கே குடுத்துடறேன் என்றார். தம்பி தலையை ஆட்டினான். அண்ணன் என்ன சொன்னாலும் அவன் தலை தானாக ஆடும், பிறவியிலேயே அப்படி.

அண்ணன்காரர் கை பட்ட சாமான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. ஏணி போனது, போனதுதான். டிரில் மெஷின் போனது. கல்யாணத்துக்கு வாங்கின பெரிய சூட்கேஸ் போய் ஏழு வருஷம். ‘ஒரு மாசம்’ என்றால் என்ன அர்த்தம் என்று தையல்காரிக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்கு அந்த வண்டி வேண்டும். சும்மா ஆசை இல்லை, வெறி. பன்னிரண்டு வருஷமாக எங்கே போனாலும் அவள் பின்சீட்டு. மலை பார்க்கப் போனாலும் கடல் பார்க்கப் போனாலும் அவள் பார்த்தது அவன் முதுகைத்தான். அந்த முதுகுச் சட்டையின் தையல் எல்லாம் அவள் போட்டதே, அதைப் பார்க்க ஊர் விட்டு ஊர் போக வேண்டுமா என்ன? கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம் என்று தலையைச் சாய்த்தால் போதும், “ஆடாம உக்காரு” என்பான். பன்னிரண்டு வருஷத்தில் வண்டி மேல் அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு அது ஒன்றுதான்.

வண்டி வந்து இறங்கிய அன்றைக்கே அவள் கேட்டுவிட்டாள், இதை நான் ஓட்டக் கத்துக்கவா என்று. மில்லிமீட்டர் அவள் கழுத்தில் தொங்கிய டேப்பையே உருவி வண்டியின் சீட் உயரத்தை அளந்தான், எண்பத்தெட்டு. அவளை நிற்க வைத்துக் கால் நீளத்தை அளந்தான், எழுபத்தொன்று. “பதினேழு சென்டி இடிக்குது” என்று சொல்லி டேப்பைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டான். கேலி இல்லை, கோபம் இல்லை, கடையில் லென்ஸ் நம்பர் சொல்கிற அதே குரல். அது போதாதென்று பக்கத்தில் நின்ற அண்ணன்காரர், ஆறடி இரண்டு அங்குலம், வயிறு குலுங்கச் சிரித்தார். “ஒரு முக்காலியும் கூடவே கட்டி எடுத்துட்டுப் போம்மா. சிக்னலுக்கு சிக்னல் எறக்கி வெச்சுக்கலாம்.”

அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது.

மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் வேலைக்குப் போன பிறகு வகுப்பு. வீட்டில் கேட்டால் நூல் வாங்கப் போனேன், லைனிங் துணி வாங்கப் போனேன். அந்த மாதம் அவள் வாங்கியதாகச் சொன்ன நூலை நீட்டினால் ஊரையே இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கலாம்.

மில்லிமீட்டர் அந்தப் பக்கம் வண்டியைப் பிரித்தான். சமையலறைக்குப் பின்னால் இருந்த அறையிலிருந்து வாஷிங் மெஷின் கூடத்துக்குத் துரத்தப்பட்டது, பைக் உள்ளே குடியேறியது. கழற்றின ஒவ்வொரு போல்ட்டும் முட்டை அட்டையில் தன் குழிக்குப் போனது. குழிக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஒரு நோட்டு, நோட்டில் படம். பேரிங்கை ஃப்ரீசரில் வைத்தால் சுருங்கி லேசாக உட்காருமாம், அது பட்டாணிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் உறைந்து கிடந்தது. ஒருநாள் குழம்புக்குப் பட்டாணி எடுக்கப் போய் அதை வாணலியில் கொட்டப் போனாள். பிஸ்டன் ரிங் புதுசு, செயின் புதுசு, கார்புரேட்டர் கழுவிப் பளபள, வெளிச்சம் கொட்டுகிற புது ஹெட்லைட், எஞ்சினுக்கு அடியில் கல் படாமல் அலுமினியத் தகடு. சீட் மட்டும் கிழிந்து தொங்கியது. அதற்குப் புது உறை தைக்கச் சொல்லி அவளிடமே கொடுத்தான்.

திருடன் கையில் சாவி என்பது அதுதான். உறையைக் கழற்றி, ஸ்பாஞ்சில் ஒரு விரல்கட்டை சீவினாள். சரிதான் போலிருக்கிறதே என்று இன்னொரு விரல்கட்டை. துணி வெட்டுகிற கத்திரி போதாமல் ரொட்டிக் கத்தியால் சீவி, கடைசியில் ஐந்து சென்டி இறக்கிவிட்டாள். மிச்சத்துக்குக் கனமான அடி வைத்த பூட்ஸ் ஒன்று வாங்கி, துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். எப்படிப் பார்த்தாலும் நுனிவிரல்தான் தரையில் படும். பரவாயில்லை, நுனிவிரலே போதும் என்று இருந்தாள்.

இடைஞ்சல் வேறு இடத்தில் வந்தது. வேலை மளமளவென்று முடிந்துவிட்டது. வண்டி தயார், ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச் சொல்லப் போறேன் என்றான் ஒரு சாயங்காலம். அவளுக்கு லைசென்ஸ் டெஸ்டுக்கு இன்னும் நாலு வாரம் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் அவள் ஏற முடியாது, அண்ணன்காரர் ஏறினால் வண்டி ஏணிக்கும் சூட்கேஸுக்கும் துணையாகப் போய்விடும்.

மறுநாள் காலை அவன் போனதும் அவள் தன் பழைய தையல் மெஷினைக் கவிழ்த்து, அடியில் எண்ணெய்ப் பிசுக்கேறியிருந்த ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினாள். காலி முட்டை அட்டையில், எஞ்சின் வரிசையில், நடு நாயகமாக வைத்துவிட்டு உறை தைக்க உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் மில்லிமீட்டர் அந்த ஸ்க்ரூவைப் பார்த்த பார்வை! எடுத்தான், திருப்பினான், நோட்டைப் புரட்டினான், மறுபடி ஸ்க்ரூவைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, பல்லால் நூலைக் கடித்துச் சமாளித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அண்ணனுக்கு போன் போட்டான். ஒரு ஸ்க்ரூ மிச்சம் விழுந்திருக்கிறது, எங்கே விட்டோம் என்று தெரியவில்லை, பிரித்துப் பார்த்துத்தான் பூட்ட வேண்டும், ஒரு வாரம் ஆகும். அந்தப் பக்கம் அண்ணன்காரர் குதித்தது கூடம் வரை கேட்டது.

அடுத்த வாரம் இன்னொரு ஸ்க்ரூ. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. பாவம், மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்கில் தட்டுவதும் திருகுவதுமாக இருந்தான். அவளுக்கு நடுவில் மனசு கேட்காமல் போய்விட்டது. இப்படிக் கொல்லாமல் கொல்கிறோமே, சொல்லித் தொலைத்துவிடலாமா என்று தோன்றியது. முக்காலி ஞாபகம் வந்ததும் நாலாவது ஸ்க்ரூவையும் கழற்றினாள். இதற்குள் அவள் மெஷின், மிதித்தால் கடகடவென்று ஆடி, ஜன்னல் பக்கம் நடக்கவே ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் அந்த அறையைப் பெருக்கும்போது சைடு ஸ்டாண்டைக் கவனித்தாள். அறுத்துக் குட்டையாக்கி, புதிதாகப் பற்றவைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தது. எதுக்கு என்று கேட்டதற்குப் பழசு வளைஞ்சிருந்துச்சு என்றான். இவனுக்கு எதையாவது அறுக்காவிட்டால் தூக்கம் வராது என்று அவளும் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை டெஸ்டில் பாஸ். லைசென்ஸை மாவு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். சனிக்கிழமை சீட்டை மாட்டிக் கொடுத்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அண்ணன்காரர் டென்ட்டும் தூங்கும் பையும் அடுப்புமாக வந்து இறங்கினார். டென்ட் இவர்களுடையதுதான்.

வண்டியைத் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்ணன்காரர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, பரவாயில்லையே என்று தம்பி முதுகில் தட்டி, காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்துகொண்டே போனார். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாருக்கு மேலே எழும்பி நின்றன. குழந்தைகள் ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் பெரிய மனுஷர் ஏறின கோலம். ஹேண்டிலைத் திருப்பினால் முட்டியில் இடித்தது.

“என்னடா இது, வண்டி குட்டையாயிடுச்சு?”

தையல்காரி திருதிருவென்று விழித்தாள். சீட்டில் ஐந்து சென்டி சீவியது அவள்தான், ஒப்புக்கொள்கிறாள். ஆனால் ஐந்து சென்டிக்கு இப்படியா ஆகும்? அளவு அவளை ஏமாற்றாது.

மில்லிமீட்டர் உள்ளே போய் டேப் எடுத்து வந்தான். சீட்டுக்கும் தரைக்கும் பிடித்தான். முகம் மாறியது. மறுபடி பிடித்தான். “எழுபத்தேழு” என்று முணுமுணுத்தான். “எண்பத்திரெண்டு இருக்கணுமே.” வாழ்க்கையில் முதன்முறையாக அவன் கணக்கு ஐந்து சென்டி உதைத்தது. சீட்டை ஒரு அமுக்கு அமுக்கினான். மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. எண்பத்தெட்டு ஏன் எண்பத்திரண்டு ஆக வேண்டும்? ஸ்டாண்டை ஏன் அறுக்க வேண்டும்? வண்டியை இறக்கினால்தானே ஸ்டாண்டு நீளமாகிவிடும்! கதவைச் சாத்திக்கொண்டு நாலு வாரம் இவன் எஞ்சினையா பிரித்தான்? கல்லுளிமங்கன், முன் ஷாக் அப்சார்பரையும் பின் ஷாக் அப்சார்பரையும் ஆறு சென்டி இறக்கியிருக்கிறான். யாருக்காக இறக்கினான் என்று அவளுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? சந்தோஷத்தை அடக்கத் தெரியாமல் டென்ட் பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

அண்ணன்காரர் பழையபடி ஏத்திக் குடுடா என்றார்.

மில்லிமீட்டர் டேப்பை அண்ணனின் காலில் வைத்து, இடுப்பிலிருந்து பாதம் வரை பொறுமையாக அளந்தான். தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். டேப்பைச் சுருட்டினான்.

“பதினேழு சென்டி இடிக்குது, அண்ணா” என்றான், லென்ஸ் நம்பர் சொல்கிற குரலில். “ஏத்தலாம். முழுசாப் பிரிக்கணும். பிரிச்சா ஏதாவது ஸ்க்ரூ மிச்சம் விழுது. என்ன காரணம்னே தெரியல.”

அண்ணன் சொன்னதற்கு அந்தத் தலை ஆடாமல் நின்றதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். அண்ணன்காரர் கோபத்தில் இறங்கப் போனால் முழங்கால் மாட்டிக்கொண்டது, இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரை வெளியே எடுத்தார்கள். டீ குடித்தார். இரண்டு டம்ளர் குடித்தார். டென்ட்டை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் மில்லிமீட்டர் சட்டைப் பையிலிருந்து நாலு ஸ்க்ரூவை எடுத்து அவள் உள்ளங்கையில் கொட்டினான்.

“தையல் மெஷின் மரை. இந்த வண்டில எந்த ஓட்டையிலும் ஏறாது. முதல் நாளே தெரியும். முதல்ல இதை மாட்டு, மெஷின் ஆடுற ஆட்டம் தாங்க முடியல.”

“தெரிஞ்சுக்கிட்டேவா நாலு வாரம் நடிச்சீங்க?”

“எனக்கும் டைம் வேணும்ல. ஷாக் பார்ட்ஸ் வர லேட்டாச்சு.” சீட்டை மறுபடி அமுக்கிக்கொண்டே, “நூல் வாங்கப் போறவளுக்கு இடது ஷூ மேல கியர் தழும்பு எப்படி விழும்? சீட்டைச் சீவினதைத்தான் நான் எதிர்பார்க்கல” என்றான். அது மட்டும் அவனுக்கு நிஜமாகவே மனக்குறை.

அவள் உள்ளே ஓடினாள். மூட்டையிலிருந்து பூட்ஸ், மாவு டப்பாவுக்கு அடியிலிருந்து லைசென்ஸ், ஆணியிலிருந்து ஹெல்மெட். காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தாள். நுனிவிரல் படும் என்று நினைத்திருந்தவளுக்கு இரண்டு குதிகாலும் தரையில் அழுத்தமாக உட்கார்ந்தன. ஸ்டார்ட் செய்தாள். வண்டி ஒரே உதையில் உறுமியது, ஒரு ஸ்க்ரூவும் மிச்சமில்லை.

அவன் கதவைப் பூட்டிவிட்டு வந்து பின்னால் ஏறினான். தன் நீளமான காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கிக்கொண்டான். தெரு முடிந்தது, கடைகள் முடிந்தன, மலைக்குப் பிரிகிற மண் ரோடு வந்தது. அவளுக்கு முன்னால் யார் முதுகும் இல்லை. ரோடு முழுசாக இருந்தது, வானம் முழுசாக இருந்தது, தூரத்தில் மலை, ஓரம் வெட்டாத புதுத்துணி மாதிரி விரிந்து கிடந்தது. அவள் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதுவிட்டாள், அதைத் துடைக்கக் கை இல்லாதது நல்லதாகப் போயிற்று.

பின்னால் வண்டி லேசாக ஒரு பக்கம் இழுத்தது. அவள் தோளுக்கு மேலே தலையை நீட்டி அவன் எதையோ எட்டிப் பார்க்கிறான்.

“ஆடாம உக்காருங்க” என்றாள்.