ஹார்வுட் ஹோட்டலின் பின்கதவு

...ஒரு நாள்கூட மூடப்படாத பார் என்று எழுதியிருக்கிறார்கள், நூற்று முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட, இந்த வசனத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று நான் பார்த்துக் கொடுக்க வேண்டுமாம், பதுளையில் முப்பத்தொரு வருஷம் சரித்திரம் படிப்பித்த யசோதினி டீச்சரை விட்டால் இதற்கு வேறு யார் என்று மேனேஜர் ஹிஷாம் போனில் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு... காலை பத்து மணி, ஹார்வுட் ஹோட்டலின் பாரில் நான் மட்டும், மரத்துக்குப் பூசிய பொலிஷ் மூக்கை அடைக்கிறது, அப்பா முப்பத்தாறு வருஷம் நின்ற இடத்துக்கு ஐம்பத்துநாலு வயதில் இன்றைக்குத்தான் வருகிறேன். ஹோட்டலின் நூற்று முப்பதாம் ஆண்டு மலருக்கான தாளில் என்ன இருக்கிறது, பார் மேசை லண்டனில் செய்து கப்பலில் வந்ததாம், பண்டாரவளை வரை ரயிலில் வந்ததாம், 'அங்கிருந்து பதுளையை வந்தடைந்தது', தானாகவே மலையிறங்கி நடந்து வந்ததா? ஸ்பிரிங்வெளி தோட்டத்து ஆட்கள் நாற்பது பேர் தோளில் சுமந்தார்கள், அதில் எங்கள் பூட்டனும் ஒருவர் என்று அப்பா சொல்வார், இறக்கி வைத்ததும் வாசலோடு அனுப்பிவிட்டார்களாம், இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பார்கள், தோள் தோலுரிந்தது சரித்திரமா என்று யாரிடம் கேட்பது...

சுவரில் அப்பா இருக்கிறார். வெள்ளைக் கோட்டு, கையில் துவாலை, கீழே 'பார்மேன் செல்வா, 1979', செல்வநாயகம் என்ற பெயர் அவர்களுக்கு நீளமாகிவிட்டது, பக்கத்தில் அந்த நாளைய மேனேஜர் துரை, அவருக்கு மட்டும் முழுப்பெயர், பட்டம், எல்லாம். ஹிஷாம் தேத்தண்ணியோடு வந்தான், முப்பது வயதிருக்கும், நல்ல பையன், "டீச்சர், உங்க அப்பாவப் பத்தியும் நாலு வரி எழுதித் தாங்களேன், வர்றவங்க இந்தப் படத்தப் பாத்துட்டு ஆருன்னு கேக்குறாங்க" என்றான். என்ன எழுத? சாராயம் ஊற்றிக் கொடுத்தார், குடிக்கவே மாட்டார், வேலை முடிந்து வந்ததும் காய்ச்சிய எண்ணெயை விரலால் தொட்டுச் சூடு பார்த்து அம்மாவின் இடது காதில் இரண்டு சொட்டு விடுவார், சாகிற வாரம்வரை விட்டார், அந்தக் காது கேட்காது என்று டாக்டர் சொல்லி எத்தனையோ வருஷமாகியும் விட்டார் என்றா?

எண்பத்துமூன்று ஜூலை, எனக்குப் பன்னிரண்டு வயது, பகல் நேரம், பஜாரில் தமிழர் கடைகள் எரிகிற புகை எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது, அப்பா வேலையில், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது இந்த ஹோட்டலுக்குத்தான், பெரிய இடம், கல்லுக் கட்டிடம், அப்பா இருக்கிறார்... முன்வாசல் சாத்தியிருந்தது. பின்பக்கம் பாருக்குப் போகிற படி, அம்மா மேலே ஏறித் தட்டினாள், நான் கீழே நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கூட்டம் வருகிறதா என்று, "என்னாங்க, நாந்தாங்க, மீனா, கதவத் தெறங்க" என்று அம்மா கத்தியது இன்னும் கேட்கிறது. திறக்கவில்லை. திரும்பி ஓடும்போது ஒருவன் சைக்கிள் செயினால் அடித்தான், அம்மாவின் இடது காதோடு, வழியிலிருந்த மர்ஸூக் முதலாளி வீட்டு ஸித்தி ஸுபைதாதான் எங்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார், மூன்று நாள் அவர்கள் கட்டிலுக்குக் கீழே. அப்பா வந்து அழுதார். "துரை சாவிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு மீனா, நீ கூப்புட்டது கேட்டுச்சு, என்னால ஒண்ணும் செய்ய முடியல." அந்தச் சாவிக்காகத்தான் நாற்பது வருஷமாக அந்தத் துரையை வெறுக்கிறேன், அவர் செத்த செய்தி வந்தபோது பள்ளிக்கூடத்தில் ஓய்வறையில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தேன், எதற்கென்று யாருக்கும் சொல்லவில்லை.

"பின்கதவ வந்து பாருங்க டீச்சர், மலருக்கு அதத்தான் அட்டைப்படமாப் போடுறோம்" என்று ஹிஷாம் கூட்டிப் போனான். கறுத்த பலகைக் கதவு, குறுக்கே இரும்புத் தாழ்ப்பாள், என் முழங்கை நீளம், தூக்கினால் திறக்கும். "கட்டுன காலத்துல இருந்து இதேதான், ஒரு ஆணி மாத்தல." பூட்டு எங்கே என்று கேட்டேன். "பூட்டா? இதுக்குப் பூட்டே இல்ல டீச்சர், உள்ள நிக்கிறவங்க தூக்கினாத்தான் உண்டு." நான் பலகையை மேலிருந்து கீழே விரலால் தடவினேன், எங்காவது ஒரு துளை, அடைத்த தடம், மரக்கட்டை வைத்த ஒட்டு... "கையில சிராய் ஏறப் போகுது டீச்சர்" என்கிறான் அவன். ஒன்றுமில்லை. முழுப் பலகை. சாவியே இல்லாத கதவு. அப்படியென்றால் அப்பா எங்கே நின்றார், இங்கேயா, இத்தனை அருகிலா, அம்மா தட்டினது அவர் கைக்கே அதிர்ந்திருக்குமே... துரை பக்கத்தில் நின்று தடுத்தாரா, உள்ளே வேறு யாராவது ஒளிந்திருந்து திறக்காதே என்று கையைப் பிடித்தார்களா, இல்லை யாருமே தடுக்கவில்லையா, பயமா, வெறும் பயம்தானா? கேட்பதற்கு அவர் இல்லை. பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம் அப்பா, பயந்துட்டேன்டி என்று ஒரு நாள், சாவியைச் செய்து அடுத்தவன் கையில் கொடுத்ததற்குப் பதில்...

அம்மாவின் போன். எண்பது வயது, வலது காதில் வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுவாள். "இன்னும் அங்கதான் இருக்கியா?" ஆமாம் என்றேன். "என்னாதான் காட்டுறாங்க?" என் வாய் சும்மா இருக்கவில்லை, "பின்கதவக் காட்டுனாங்கம்மா" என்றேன். அந்தப் பக்கம் சட்டி மூடியை எடுத்து வைக்கிற சத்தம். பிறகு, "சரி, வெயில் ஏறுமுன்ன வா, பருப்பு வேகப்போட்டிருக்கேன்." வைத்துவிட்டாள். அப்போதுதான்... அம்மா ஒரு நாளாவது துரையைத் திட்டியிருக்கிறாளா? நான் திட்டினேன், கலவரத்துக்குப் பிறகு பிறந்த தம்பி இந்திரஜித்கூடத் திட்டினான், அவள் சொன்னதெல்லாம் ஒன்றுதான், அப்பாவுக்குச் சோறு போடும்போது, அகப்பையைத் தட்டிக்கொண்டே, "சாவிய வச்சிருந்தவன் நல்லா இருக்கட்டும்" என்பாள், அப்பா தலை நிமிராமல் பிசைவார், துரையைத்தான் சொல்கிறாள் என்று நான் சிரித்திருக்கிறேன். அந்தக் கதவை வெளியே நின்று பார்த்தவள் அவள், இரண்டு கையாலும் அறைந்தவள், சாவித் துவாரம் இல்லையென்று அந்தக் கைகளுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால்... இத்தனை வருஷம் எப்படி அவர் எண்ணெய் விடத் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்?