மாமா ஆளு

மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் பரீட்சை எழுதித்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனால் அங்கே கணக்குப் பிரிவில் இருந்த மாமா, "எதுக்கும் இருக்கட்டும்னு மேனேஜர் காதுல ஒரு வார்த்தை போட்டு வச்சேன்" என்று ஆபீஸ் முழுக்கத் தமுக்கடித்துவிட்டார். அன்றிலிருந்து என் பெயர் 'மாமா ஆளு'.

நான் தவறு செய்தால், "சிபாரிசுல வந்தா இப்படித்தான்" என்பார்கள். பதவி உயர்வு வந்தால், "எல்லாம் மாமா கைங்கரியம்" என்பார்கள். பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்க முடியுமா? அவர் வண்டி பழுதானாலும், வீட்டுக் குழாய் ஒழுகினாலும் நான்தான் ஓடினேன்.

அவர் ஓய்வு பெற்ற அன்று, பரிசாக வந்த சுவர்க் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு உடன் நடந்தபோது கேட்டேன்.

"நீங்க சொல்லலைன்னா எனக்கு இந்த வேலை கிடைச்சிருக்காதுல்ல மாமா?"

"அட போடா! நான் போய்ப் பேசுறதுக்குள்ளயே உன் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு. நீதான் முதல் மார்க்காம்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே."

வாசலில் நின்ற சக ஊழியர் என் தோளில் தட்டினார்.

"மாமா போறாரு. இனிமே உன்னை யாருப்பா காப்பாத்துவா?"